அக்கரையில் ஆள், இக்கரையில் காணி
கடல் கடந்தவர்களின் ‘பவர்’ பத்திரமும் ஊர் வழக்கும்

போலாரம்:

கடல் கடந்து சம்பாதிப்பது ஒரு கஷ்டம். சம்பாதித்ததை ஊரில் காப்பாற்றி வைத்துக்கொள்வது இன்னொரு கஷ்டம். முதல் கஷ்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெயிலில் நிற்பது, ஓவர்டைம் பார்ப்பது, நாலு பேர் அறையில் எட்டுப் பேர் படுப்பது, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குழந்தையின் முகத்தைப் பார்ப்பது எல்லாம் அதில் சேர்ந்தவை. இரண்டாவது கஷ்டம் சத்தமில்லாமல் வருவது. ஒரு நாள் ஊரிலிருந்து டெலிபோன் வரும். “உங்க மனையிலே யாரோ அஸ்திவாரம் தோண்டுறாங்க” என்பார்கள். விசாரித்தால், தோண்டுகிறவர் கையில் முறையான கிரயப் பத்திரம் இருக்கும். அதில் சொந்தக்காரர் சார்பில் கையெழுத்துப் போட்டவர் ‘பவர் ஏஜண்ட்’. அந்தப் பவரைக் கொடுத்தவர் யார் என்று பார்த்தால், அக்கரையில் இருக்கும் சொந்தக்காரரேதான்!

போலாரம் பகுதித் தமிழர்களுக்கு இந்தச் சங்கடம் சற்றுக் கூடுதலாகவே நேரக்கூடும். அதற்குக் காரணம் உண்டு.

இரண்டு ஊர்க் குடும்பங்கள்

1798-ல் நிஜாமுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கம்பெனிப் படை இங்கே வந்து தங்கியது. சென்னை ராஜதானிப் படையோடு சிப்பாய்கள் மட்டும் வரவில்லை. கணக்கர், கான்ட்ராக்டர், கொத்தனார், சமையல்காரர் என்று படையை அண்டிப் பிழைத்தவர்களும் வந்தார்கள். படை தங்கிய இடம் 1806-ல் செகந்திராபாத் என்று பெயர் பெற்றது. அதற்கு வடக்கே போலாரம் ‘ஐதராபாத் கண்டிஜெண்ட்’ படையின் பாளையமாயிற்று. பிறகு ரயில் வந்தது. ரயில்வேயிலும் ராணுவக் கிடங்குகளிலும் தமிழர்கள் வேலைக்கு அமர்ந்தார்கள்.

இப்படி வந்த குடும்பங்களில் பலவற்றுக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. வேலூர்ப் பக்கமோ சேலம் பக்கமோ பூர்வீகக் காணி கொஞ்சம் இருக்கும். இங்கே பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கிப் போட்ட நூற்றைம்பது கஜம் மனை இருக்கும். மூன்றாவது தலைமுறைப் பையன் வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டான் என்றால், சொத்து இரண்டு மாநிலங்களில், சொத்துக்காரர் மூன்றாவது தேசத்தில்! செகந்திராபாதிலிருந்து நிஜாமாபாத் செல்லும் ரயில் பாதையில்தான் போலாரம் இருக்கிறது. நிஜாமாபாத் வட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன தெலுங்கு நண்பர்களுக்கும் இதே பாடுதான். ஆனால் அவர்கள் சொத்து அநேகமாக ஒரே மாநிலத்தில் இருக்கிறது. தமிழருக்கு இரண்டு மாநிலத்துப் பதிவு அலுவலகம், இரண்டு மாநிலத்துக் கோர்ட்டு.

ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். தகப்பனார் ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆகிக் காலமாகிவிட்டார். தாயார் போலாரத்தில் இருக்கிறார். மகன் குவைத்தில் எலெக்டிரீஷியன். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வேலூர்ப் பக்கத்தில் ஒரு ஏக்கர் நாற்பது செண்ட் நிலம். அதைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு டெலிபோனில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

“தம்பி, சித்தப்பா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாருப்பா. அந்தப் பவரை அனுப்பிச்சா பட்டா மாத்திடலாம்னு சொல்றாரு.”

“சரிம்மா. ஒரு நாள் லீவு போட்டு எம்பஸிக்குப் போயிட்டு வந்துடறேன். என்ன எழுதணும்னு கேட்டீங்களா?”

“அவரே எழுதி அனுப்பியிருக்காரு. நீ கையெழுத்துப் போட்டா போதுமாம்.”

மகன் லீவு போடுகிறான். எழுதி வந்த காகிதத்தில் ஏழு பக்கம். பட்டா மாற்றுவதற்கான அதிகாரம் இரண்டாவது பாராவில் இருக்கிறது. விற்க, அடமானம் வைக்க, அட்வான்ஸ் வாங்க, ரசீது கொடுக்க, கோர்ட்டில் ராஜி செய்துகொள்ள என்று மற்ற அதிகாரங்கள் மிச்சப் பக்கங்களில் இருக்கின்றன. சித்தப்பா கெட்டவர் அல்லர். பத்திரம் எழுதுகிறவர் வழக்கமாக எழுதுகிற வாசகத்தை எழுதிவிட்டார், அவ்வளவே. மகனும் படிக்கவில்லை. கியூவில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு டியூட்டிக்குத் திரும்பினான். நல்ல மனிதர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆபத்தான தஸ்தாவேஜைத் தயாரித்துவிட்டார்கள்.

நிஜாமுக்கும் நேர்ந்தது

பிறர் கையில் அதிகாரம் கொடுத்துவிட்டுத் தவிப்பது ஏழைக்கு மட்டும் வருவது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1937-ல் அமெரிக்காவின் ‘டைம்’ பத்திரிகை அட்டையில் படம் போட்டு, உலகின் பெரிய பணக்காரர் என்று எழுதிய ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கானுக்கே அது வந்தது. அந்த வழக்கு முடிய 71 ஆண்டுகள் ஆயின.

1948 செப்டம்பர் 13-ஆம் தேதி இந்தியப் படை ஐதராபாதுக்குள் புகுந்தது. 17-ஆம் தேதி நிஜாம் பணிந்தார். அவருடைய அரசின் பேரில் லண்டன் வெஸ்ட்மினிஸ்டர் பாங்கில் ஒரு கணக்கு இருந்தது. அதை இயக்கும் அதிகாரம் அவருடைய மந்திரி மொயின் நவாஸ் ஜங் முதலியோர் கையில் இருந்தது. செப்டம்பர் 20-ஆம் தேதி வாக்கில் அந்தக் கணக்கிலிருந்து 10,07,940 பவுன் 9 ஷில்லிங் தொகை, லண்டனில் பாகிஸ்தான் ஹைகமிஷனராக இருந்த ரஹீம்தூலாவின் பேருக்கு மாற்றப்பட்டது. விஷயம் தெரிந்ததும், இது தம் அனுமதி இல்லாமல் நடந்தது, பணத்தைத் திருப்ப வேண்டும் என்று செப்டம்பர் 27-ஆம் தேதி நிஜாம் பாங்குக்குத் தெரிவித்தார். பாங்கு மறுத்துவிட்டது. இப்போது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது என்பது பாங்கின் பதில்.

1954-ல் நிஜாம் லண்டனில் வழக்குப் போட்டார். 1957-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, அயல்நாட்டு அரசு என்ற பாதுகாப்பு பாகிஸ்தானுக்கு உண்டு என்று சொல்லி வழக்கை நடக்கவிடவில்லை. பணம் பாங்கிலேயே முடங்கியது. 1967-ல் நிஜாம் காலமானார். 2013-ல் பாகிஸ்தானே வழக்கைக் கிளப்பியது. அதனால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. 2019 அக்டோபர் 2-ஆம் தேதி லண்டன் ஹைகோர்ட்டு நீதிபதி மார்கஸ் ஸ்மித் தீர்ப்பளித்தார். பணம் ஏழாவது நிஜாமுக்கு உரியது, அவர் வழியில் உரிமை கோரும் பேரன்மார் இருவருக்கும் இந்திய அரசுக்கும் சேர வேண்டியது என்றார். பத்து லட்சம் பவுன் அதற்குள் வட்டியோடு சுமார் மூன்றரைக் கோடி பவுனாக வளர்ந்திருந்தது. பணத்தின் சொந்தக்காரர் உயிரோடு இல்லை.

பணம் லண்டனில், சொந்தக்காரர் ஐதராபாதில். இன்றைய போலாரத்துக் குடும்பங்களுக்குச் சொத்து இங்கே, சொந்தக்காரர் அங்கே. திசைதான் மாறியிருக்கிறது. அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று: நிஜாமின் மறுப்பு ஒரு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பாங்குக்கு மறுப்பு கிடைத்தபோது பணம் வேறு பேருக்குப் போய்விட்டது. அவருக்காவது லண்டனில் வக்கீல் வைக்க வசதி இருந்தது. எலெக்டிரீஷியனுக்கு என்ன இருக்கிறது?

பவர் என்பது என்ன?

ஒருவர் தமக்குப் பதிலாக இன்னொருவர் செயல்படலாம் என்று எழுதிக் கொடுப்பதே பவர் பத்திரம். பழைய தஸ்தாவேஜுகளில் முக்தியார்நாமா என்று இருக்கும். இதற்கு 1882-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் உள்ள உறவை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் நிர்ணயிக்கிறது. எல்லாக் காரியத்துக்கும் கொடுப்பது பொது பவர். குறிப்பிட்ட ஒரு காரியத்துக்குக் கொடுப்பது ஸ்பெஷல் பவர்.

கவனிக்க வேண்டிய விதிகள் மூன்று. பவர் கொடுத்தவர் இறந்தால் சாதாரணமாகப் பவரும் முடிந்துவிடும். அதனால்தான் தமிழ்நாட்டில் ஏஜண்ட் பத்திரம் பதிய வரும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைக் கேட்கிறார்கள். இரண்டாவது, ஏஜண்டுக்கே அந்தச் சொத்தில் சொந்தப் பாத்தியம் இருந்தால், பவரை இஷ்டப்படி ரத்து செய்ய முடியாது. ‘ஏஜண்டிடம் தொகை பெற்றுக்கொண்டு இந்தப் பவரை எழுதிக் கொடுத்தேன்’ என்ற வாசகத்துக்கு அடியில் கையெழுத்துப் போடுமுன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். மூன்றாவதுதான் நிஜாம் கதையின் பாடம். பவரை ரத்து செய்தால், அந்த ரத்து ஏஜண்டுக்குத் தெரிந்த பிறகுதான் ஏஜண்டைக் கட்டுப்படுத்தும். வெளியாருக்குத் தெரிந்த பிறகுதான் வெளியாரைக் கட்டுப்படுத்தும். குவைத்தில் உட்கார்ந்து மனசுக்குள் ரத்து செய்தால் போதாது. ஏஜண்டுக்குப் பதிவுத் தபால், சப்-ரிஜிஸ்டிரார் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம், பாங்குக்குக் கடிதம், உள்ளூர்த் தினசரியில் அறிவிப்பு எல்லாம் வேண்டும்.

கையெழுத்தை எங்கே போடுவது?

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ கான்சல் அலுவலகத்திலோ பாஸ்போர்ட்டோடு நேரில் போய், அதிகாரி முன்னிலையில் கையெழுத்திடுவதே நம் தொழிலாளர்களுக்குச் சுலபமான வழி. அந்த நாட்டு நோட்டரி முன்னிலையிலும் செய்யலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு இரண்டையும் ஏற்கிறது. நோட்டரி வழியில் போனால் ‘அப்போஸ்டில்’ என்ற முத்திரையும் தேவைப்படலாம். ஒரு நாட்டுத் தஸ்தாவேஜை மற்ற நாடுகள் ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கை ஏற்பாடு அது. இந்தியாவில் 2005 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. சவூதி அரேபியாவில் 2022 டிசம்பரில் அமலுக்கு வந்தது. எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை.

பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. டிரங்குப் பெட்டியில் ஆறு மாதம் பத்திரமாக வைத்திருந்து பிறகு எடுத்துப் போனால் சிக்கல்தான். தபால் உறையைக் கிழித்து எறியாமல் வைத்துக்கொண்டால், வந்து சேர்ந்த தேதிக்கு அதுவே சாட்சி.

போலாரத்திலேயே இருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலூர் நிலத்தைப் பொறுத்தவரை அவர்களும் வெளியூர்க்காரர்கள்தானே? தங்கள் சார்பில் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய ஊரில் ஒருவருக்குப் பவர் கொடுத்தால், தாங்கள் குடியிருக்கும் பகுதியின் சப்-ரிஜிஸ்டிரார் முன்னிலையில் கையெழுத்திட்டு அத்தாட்சி பெற வேண்டும். நிலம் உள்ள ஊரின் அலுவலகம் அல்ல, குடியிருக்கும் ஊரின் அலுவலகம். நோட்டரியின் ரப்பர் ஸ்டாம்ப் இதற்குப் போதாது. நடக்க முடியாத வயோதிகர், நோயாளி ஆகியோரின் கையெழுத்தை வீட்டுக்கே வந்து உறுதிசெய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

விமானம் ஏறுமுன் ஸ்டாம்ப் பேப்பரில் வெறும் கையெழுத்துப் போட்டு அண்ணனிடமோ மைத்துனரிடமோ கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எழுதாத பத்திரத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

பவரை வாங்கினால் மனை வந்துவிடுமா?

இதுவரை சொன்னது கொடுப்பவர் பாடு. வாங்குபவர் பாடும் உண்டு. வெளிநாட்டுப் பணத்தில் ஐதராபாதைச் சுற்றி மனை வாங்கியவர்களில் சிலர் கையில் கிரயப் பத்திரமே இருக்காது. ஒரு விற்பனை ஒப்பந்தம், ஒரு பொது பவர், சில சமயம் ஒரு உயில், அவ்வளவுதான் இருக்கும். பதிவுச் செலவு மிச்சம் என்று புரோக்கர் சொல்லியிருப்பார்.

2011 அக்டோபர் 11-ஆம் தேதி, சூரஜ் லாம்ப் கம்பெனிக்கும் அரியானா அரசுக்கும் இடையிலான வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் திட்டவட்டமாகத் தீர்த்துவிட்டது. பொது பவர் மூலமாகவோ விற்பனை ஒப்பந்தம் மூலமாகவோ சொத்துரிமை கைமாறாது. முறையாக எழுதிப் பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் உரிமை தரும் என்பது தீர்ப்பு. அதே தீர்ப்பில் கோர்ட்டு இன்னொன்றும் சொன்னது. மனைவி, மகன், மகள், சகோதரர், சகோதரி அல்லது உறவினருக்குத் தம் காரியங்களைப் பார்க்கவோ, கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கவோ ஒருவர் உண்மையாகக் கொடுக்கும் பவரை இந்தத் தீர்ப்பு பாதிக்காது. ஆகவே பவர் என்ற ஏற்பாட்டில் தவறில்லை. அதைக் கிரயம் என்று எண்ணிப் பணத்தைக் கொட்டுவதுதான் தவறு.

விவசாய நிலத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின் விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. வெளிநாடு போகுமுன் இருந்த நிலத்தையும் வாரிசாக வந்த நிலத்தையும் வைத்துக்கொள்ளலாம். ‘அப்படியானால் தம்பி பேரில் வாங்கிவிடுகிறேன்’ என்பார் பலர். தம் பணத்தில் தம்பியின் பேரில் மட்டும் வாங்கினால் அது 1988-ஆம் ஆண்டு பினாமிச் சட்டத்தில் சிக்கும். 2016-ல் அந்தச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. மனைவி, மக்கள் பேரில் கணக்குள்ள பணத்தில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. சகோதரர் என்றால், இருவர் பேரும் கூட்டாகத் தஸ்தாவேஜில் இருந்தால்தான் விலக்கு. பணம் அனுப்பிய ரசீதை வைத்துக்கொண்டு பிற்பாடு தம்பியோடு வழக்காடினால், வழக்காடுகிறவரே பினாமி வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கோர்ட்டுக்குப் போனால்

விவகாரம் முற்றி வழக்காகிவிட்டால் ஏஜண்ட் எதுவரை போகலாம்? வழக்குக் காகிதத்தில் கையெழுத்திடலாம், வக்கீல் அமர்த்தலாம், வாய்தாவுக்குப் போகலாம். ஆனால் சாட்சிக் கூண்டில் சொந்தக்காரருக்குப் பதிலாக ஏறி, சொந்தக்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களைச் சொல்ல முடியாது. 2004 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. பவரின்படி தாம் செய்த காரியத்தைப் பற்றி ஏஜண்ட் சாட்சி சொல்லலாம். பவர் கொடுத்தவர் செய்ததைப் பற்றிச் சொல்ல முடியாது. ‘நான் கையெழுத்துப் போடவில்லை’ என்பதைக் கையெழுத்துக்கு உரியவர்தானே சொல்ல வேண்டும்?

அதற்காக வேலையை விட்டு வந்தே தீர வேண்டும் என்பதில்லை. வீடியோ மூலம் சாட்சியம் பதியலாம் என்று 2003-ல் மகாராஷ்டிர அரசு சம்பந்தப்பட்ட ஒரு கிரிமினல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது. அதில் சாட்சி அமெரிக்காவில் இருந்தார். கொரோனா காலமான 2020-க்குப் பிறகு வீடியோ விசாரணை கோர்ட்டுகளில் மிகவும் பழகிவிட்டது. கோர்ட்டின் அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு எண் தரப்படுகிறது. அதை வைத்து அடுத்த வாய்தா தேதியைக் குவைத்திலிருந்தே செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். ‘வக்கீல் சொன்னார்’ என்று ஏஜண்ட் சொன்னதை மட்டும் நம்பியிருந்த காலம் மாறிவிட்டது.

காலம் யாருக்காகவும் நிற்காது

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ‘ஊருக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடுகிறவர்களுக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் எந்தச் சலுகையும் தரவில்லை. மோசடிப் பத்திரத்தை ரத்து செய்ய, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். தன் சொத்து என்று உரிமை கொண்டாடி அனுபவிக்கும் அயலாரிடமிருந்து நிலத்தை மீட்க 12 வருடம். வெளிநாட்டில் இருந்தேன் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், அதே சட்டம் மறுபக்கத்தில் ஒரு சலுகை தருகிறது. யார் மேல் வழக்குப் போட வேண்டுமோ அவர் இந்தியாவில் இல்லாத காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அதாவது, கடல் கடந்தவர் மேல் வழக்குப் போடுகிறவருக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. கடல் கடந்தவர் வழக்குப் போடுவதற்கு இல்லை!

ஓர் ஆறுதல் இருக்கிறது. சொந்தக்காரர் அனுமதித்ததால் காவலாகவோ பார்த்துக்கொள்கிறவராகவோ இருப்பவருக்கு, எத்தனை வருடம் இருந்தாலும் சொத்தில் உரிமை வராது. கோவாவில் உடன்பிறந்த இருவருக்குள் நடந்த வழக்கில் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை வற்புறுத்தியது. ஆனால் அனுமதியின் பேரில்தான் இருந்தார் என்பதைக் காட்ட ஏதாவது எழுத்து வேண்டும். சித்தப்பாவுக்கு எழுதிய கடிதம், குத்தகைப் பணம் வந்த பாங்கு விவரம், கிஸ்தி கட்டிய ரசீது ஆகியவற்றைத் தூக்கி எறியக் கூடாது.

அக்காள் பங்கு

மேலே சொன்ன குடும்பத்தில் இன்னொரு விஷயம் மறைந்திருக்கிறது. நிலம் தகப்பனார் வழி வந்தது. மகன் கொடுத்த பவர் மகனுடைய பங்குக்கு மட்டும்தான் செல்லும். தாயார் பங்குக்குத் தாயாரும், மகள் பங்குக்கு மகளும் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டும். தகப்பனார் இருந்தபோது சித்தப்பாவுக்குக் கொடுத்திருந்த பவர், தகப்பனாரோடு முடிந்துவிட்டது.

பெண்களின் பங்கு பற்றிச் சந்தேகம் வேண்டாம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை என்று ஆந்திரப் பிரதேசம் 1985-லிருந்தும், தமிழ்நாடு 1989-லிருந்தும் சட்டம் செய்தன. அப்போது ஏற்கெனவே மணமாகியிருந்த பெண்களுக்கு அவை இடம் தரவில்லை. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி அமலுக்கு வந்த மத்தியச் சட்டம் அந்தப் பேதத்தையும் நீக்கியது. தகப்பனார் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி நடந்துவிட்ட பாகப்பிரிவினையை இது கலைக்காது. அக்காளைக் கேட்காமல் பட்டா மாற்றுவதும் விற்பதும், இன்று மிச்சப்படும் ஒரு கையெழுத்துக்காகப் பிற்பாடு பத்து வருட வழக்கை வாங்கிக்கொள்வதாகும்.

என்ன செய்யலாம்?

பவரைக் கொடுக்கலாம், அளந்து கொடுக்க வேண்டும். பட்டா மாற்றத்துக்கு என்றால் பட்டா மாற்றத்துக்கு மட்டும். சர்வே நம்பர், பரப்பு, செய்ய வேண்டிய காரியம் மூன்றையும் எழுத வேண்டும். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் என்று முடிவு தேதி போட வேண்டும். ‘விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். விற்பதற்கே பவர் என்றால், பணம் சொந்தக்காரரின் பாங்குக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று எழுத வேண்டும். ஒரு நகல் தாயாரிடமோ மனைவியிடமோ இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டுப் பதிவுத் துறையிலும் தெலுங்கானாப் பதிவுத் துறையிலும் இதை இணையத்திலேயே பார்க்க முடிகிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்றால், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கோர்ட்டு வளாகங்களிலேயே சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச உதவி உண்டு. புருஷன் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாகக் கோர்ட்டுக்கு அலையும் பெண்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். தூதரகத்தில் காரியம் தாமதமானால் வெளிவிவகார அமைச்சகம் 2015-ல் தொடங்கிய ‘மதத்’ என்ற முறையீட்டு ஏற்பாட்டில் புகார் பதியலாம்.

போலாரத்தில் ராஷ்டிரபதி நிலையம் என்ற மாளிகை இருக்கிறது. ஒரு காலத்தில் அது பிரிட்டிஷ் ரெசிடெண்டின் மாளிகை. இன்று குடியரசுத் தலைவர் வந்து தங்குமிடம். 2023 மார்ச் முதல் ஆண்டு முழுவதும் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். ரெசிடெண்டும் போனார், நிஜாம் ஆட்சியும் போயிற்று. நிஜாமின் லண்டன் வழக்கு மட்டும் அவர்களுக்குப் பிறகும் பல்லாண்டு நடந்தது. பெரிய மனிதர் வழக்கே அப்படி என்றால், ஒரு ஏக்கர் நாற்பது செண்டுக்காரர் கோர்ட்டுக்குப் போகாமல் தப்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

குவைத்திலிருக்கும் மகன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: “சித்தப்பாகிட்ட சொல்லுங்கம்மா, பட்டாவுக்கு மட்டும் ஒரு பக்கத்திலே எழுதி அனுப்பறேன். அக்காவும் நீங்களும் தனியா கையெழுத்துப் போடணுமாம்.” சித்தப்பா நல்லவரானால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், இன்னும் ஒரு முறை யோசிப்பதற்கு அதுவே காரணமாகும்.